வேலூர் வெயிலும் மலைத் தீயும்



வேலூரைப் பற்றி நம் முன்னோர் வழங்கிய பழமொழி ஒன்று உண்டு. அரசனில்லாக் கோட்டை, தெய்வமில்லாக் கோயில், நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று அது ஊரின் குறைகளை அடுக்கிச் சொல்லும். இவற்றுள் ஒரு குறை தீர்ந்துவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலில் 1981-ஆம் ஆண்டில் மீண்டும் இலிங்கம் எழுந்தருளியது. மலையின் குறையோ இன்னும் தீரவில்லை. அக் குறையை ஆண்டுதோறும் பெருக்கும் தீயைப் பற்றியும், அத் தீக்கு வழிவகுக்கும் வெயிலைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நம் பகுதியில் வெயில் ஏன் இத்துணைக் கடுமையாக உள்ளது? சென்னைக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவு. கோடையில் நண்பகலுக்கு மேல் சென்னையைக் குளிர்விக்கும் கடற்காற்று, இங்கு வந்து சேர்வதற்குள் மாலை ஆகிவிடும். பல நாட்களில் வாராமலே போய்விடும். மேற்கிலிருந்து வீசும் காற்றோ மைசூர்ப் பீடபூமியைக் கடந்து கீழிறங்கி வருவது. கீழிறங்கும் காற்று அழுத்தத்தால் வெப்பம் ஏறி உலர்ந்துவிடும். இவற்றோடு, ஊரைச் சூழ்ந்த பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் திருப்பித் தருகின்றன. வேலூரை மக்கள் வேடிக்கையாக ‘வெயிலூர்’ என்பது காரணமின்றி அன்று.

ஆயினும் ஆண்டு முழுவதும் ஒரே நிலை இல்லை. தை மாதத்து இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். மாசி பங்குனியில் பகல் வெப்பம் விரைந்து ஏறும். சித்திரை வைகாசியில் 40 டிகிரியைக் கடக்கும். பின்னர்த் தென்மேற்குப் பருவக்காற்றின் மாலை மழையும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழையும் நிலத்தைக் குளிர்விக்கும். இம் மாற்றங்களுள் காட்டுக்குப் பேரிடர் தருவது, மாசியிலிருந்து கோடை மழை பெய்யும் வரையுள்ள காலமே.

அதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 40 டிகிரியில் அதே அளவு காற்று சுமார் 51 கிராம் தாங்கும். காலையில் 25 டிகிரி வெப்பமும் 17 கிராம் நீராவியும் இருந்தால், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 74. பிற்பகலில் வெப்பம் 40 டிகிரி ஆகும்போது, ஒரு துளி நீராவியும் குறையாமலே, ஈரப்பதம் நூற்றுக்கு 33 ஆகிவிடுகிறது! ஆதலால் அக் காற்று தான் தொடும் பொருளிலிருந்தெல்லாம் ஈரத்தை உறிஞ்சத் தொடங்குகிறது.

இவ் வுண்மையை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலாளர் கணக்கின்றியே அறிவர். பட்டையில் பதனிட்ட தோலைச் சுடுவெயிலில் விரித்தால் அது கறுத்து விறைத்துவிடும். ஆகவே நிழலில் தொங்கவிட்டுப் பொறுமையாக உலர்த்துவர். அதே காற்றுத்தான் ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் ஆம்பூரைச் சூழ்ந்த காடுகளிலும் சருகை உலர்த்துகிறது. அங்கே சருகை நிழலில் காப்பார் யாருமில்லை. நம் மலைக்காட்டு மரங்களுட் பல கோடைக்கு முன்னரே இலை உதிர்ப்பவை. நிழல் தரவேண்டிய இலைகளே தரையில் எரிபொருளாகக் கிடக்கின்றன. முந்தைய ஆண்டு மழை மிகுந்திருந்தால் புல்லும் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நிற்கும். நல்ல மழைக்குப் பின் தீயைப் பற்றிய அச்சம் வேண்டா என எண்ணுவது பிழையாகும்.

மலைச் சரிவில் தீ மேல்நோக்கியே விரைந்து ஏறும். கீழே எரியும் தீயின் அனல், மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கொள்ளும் கணக்கு. இதன் பொருளை நம் மாநிலம் பெருந்துயரோடு கற்றது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுட் பலர் இளம் வயதினர். உங்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள். அதன் பின் தீக்காலத்தில் மலைப் பாதைகளை வனத்துறையினர் மூடி வைக்கின்றனர். அவ்வாறு மூடிய பாதையில் ஒளிந்து செல்வது வீரம் ஆகாது.

இனி, வானிலை முன்னறிவிப்பை எங்ஙனம் கேட்பது என்று பார்ப்போம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. கோடைத் தொடக்கத்தில் பருவம் முழுமைக்குமான முன்கணிப்பையும், நாள்தோறும் எச்சரிக்கைகளையும் அது வெளியிடுகிறது. சமவெளியில் வெப்பம் 40 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்தால் அது ‘வெப்ப அலை’ எனப்படும். வேலூரின் மே மாத இயல்பே 38, 39 டிகிரியை ஒட்டியது. ஆதலால் இங்கே 41 டிகிரி வெயிலடித்தும் வெப்ப அலை என்று அறிவிக்கப்படாதிருக்கலாம். அறிவிப்பு இல்லை என்பதால் சருகு ஈரமாகிவிடாது. வெப்பத்தை மட்டும் கேளாமல், ஈரப்பதத்தையும் காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கேளுங்கள். இம் மூன்றும் சேர்ந்தே தீயின் இடரைத் தீர்மானிக்கின்றன. 1901-ஆம் ஆண்டு முதல் உள்ள பதிவுகளில், 2024-ஆம் ஆண்டே இந்தியாவில் மிக வெப்பமான ஆண்டாக அறியப்பெற்றது. இனிவரும் கோடைகளில் இவ் வறிவு மேலும் தேவைப்படும்.

தேராதூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக் கோள்களின் வாயிலாக எரியும் இடங்களைக் கண்டு வனத்துறையினர்க்குச் செய்தி அனுப்புகிறது. ஆயின் செயற்கைக் கோள் எரியத் தொடங்கிய தீயைத்தான் காணும். எரியப்போகும் தீயைக் காணாது. நம் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதர் கையால் மூள்வது. புதுப்புல் முளைக்கட்டும் என்று இடும் நெருப்பு, தேனெடுப்போர் புகை, அணைக்காத பீடி, சுற்றுலா வந்தோர் மூட்டிய அடுப்பு ஆகியவையே காரணங்கள். வெயில் காட்டை உலர்த்தி வைக்கிறது, பற்றவைப்பவர் நாம்.

ஈண்டு என் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நான் ஆம்பூர்ப் பகுதியில் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், ஒரு பங்குனி இரவு, தொலைவில் மலையின் மேல் தீ வரிசையாக எரிந்தது. விடுதி மாணவர்கள் முற்றத்தில் நின்று பார்த்தனர். “கார்த்திகை விளக்கு ஏற்றினாற்போல எவ்வளவு அழகு!” என்று நானும் அவர்களோடு சேர்ந்து வியந்தேன். மறுநாள் மலையடி ஊரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் இரண்டாம் பாடவேளையில் வந்து நின்றான். காலந்தாழ்ந்ததற்காக அவனைக் கடிந்துகொண்டு, வெளியே நிற்கச் சொன்னேன். மணி அடித்த பின்னரே அவன் கால்களைப் பார்த்தேன். பாதங்கள் கொப்புளித்திருந்தன. “இராத்திரி முழுதும் பச்சைக் கிளையால் தீயை அடித்துக்கொண்டிருந்தோம் ஐயா. எங்கள் புளியமரங்கள் ஐந்தும் போய்விட்டன” என்றான். நான் அழகு என்று வியந்தது அவன் வீட்டு ஆண்டு வருவாய். அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் மலையில் தீயைக் கண்டால் அந்தக் கால்களே நினைவுக்கு வருகின்றன.

மாணவர்களே! மலைக்காட்டுக்கு நாம் கடன்பட்டவர்கள். நம் தோல் தொழில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பியே வளர்ந்தது. மழைநீரை மெல்ல மண்ணுக்குள் இறக்கிப் பாலாற்றுக்கும் நம் கிணறுகளுக்கும் ஊற்றுக் கொடுப்பதும் அக் காடே. மாசி முதல் கோடை மழை வரை காட்டோரத்தில் நெருப்பு மூட்டாதிருங்கள். மூட்டுவோரைக் கண்டால் பணிவாகத் தடுங்கள். புகை கண்டால் 101 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். பள்ளியில் ஒரு வெப்பமானியும் ஈரமானியும் வைத்து நாள்தோறும் குறித்து வாருங்கள்.

தெய்வமில்லாக் கோயில் என்ற சொல்லை மனித முயற்சி பொய்யாக்கியது. மரமில்லா மலை என்ற சொல்லையும் பொய்யாக்கலாம். அதற்கு முதற்படி, உள்ள மரத்தை எரியவிடாதிருத்தலே.