ஊரிலும் நகரிலும் வைத்தியம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் என்னைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பார்கள். "அக்கா, டொக்டராக வந்தால் கொழும்பில் வேலை செய்வது நல்லதா, ஊர்ப்பக்கம் வேலை செய்வது நல்லதா?" அந்தக் கேள்வியையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலையில் ஒன்பது வருடமும், கொழும்பில் ஒரு பெரிய வைத்தியசாலையில் ஏழு வருடமும் வேலை செய்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இது எங்கள் மண்ணில் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகக் கேட்கப்படும் கேள்வி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் எங்கள் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியிடங்களுக்குப் போவதைக் கண்டார். தமிழில் படித்தால் ஊர்களில் தங்கி வைத்தியம் பார்ப்பார்கள் என்று எண்ணி, 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். 'மனுஷ அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்' போன்ற நூல்கள் அந்த நோக்கத்தோடு தமிழுக்கு வந்தவை. ஊருக்கு வைத்தியர் கிடைப்பது கடினம், கிடைத்தவரை வைத்திருப்பது அதைவிடக் கடினம் என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

முதலில் நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு வைத்தியர் தனியாக நிற்பதில்லை. இருதயம், மூளை, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றுக்கும் நிபுணர் இருக்கிறார். நடுச்சாமத்திலும் சி.ரி. ஸ்கான் எடுக்கலாம். இரத்த வங்கி பக்கத்திலேயே இருக்கும். புத்தகத்தில் மட்டும் படித்த நோய்களை அங்கே முதல் மாதத்திலேயே கட்டிலில் கண்டேன். தொழிலைக் கற்பதற்கு அதைவிட நல்ல இடமில்லை.

ஆனால் அங்கே நோயாளி எங்களிடம் நிற்பது சில நிமிடங்கள்தான். அவர் அம்பாறையிலிருந்து வந்திருப்பார், ஹற்றனிலிருந்து வந்திருப்பார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவருக்கு என்ன நடந்தது என்று பெரும்பாலும் தெரியவராது. ஒரே ஆளிடம் மூன்று கிளினிக் கொப்பிகள் இருக்கும். ஒரு கிளினிக்கில் கொடுத்த குளிசை மற்றக் கிளினிக்கில் இருப்பவருக்குத் தெரியாது. போதாதென்று வெளியில் சனல் பண்ணி வாங்கிய மருந்தும் இருக்கும்.

ஊரில் நிலைமை வேறு. அருவி வெட்டுக் காலத்தில் வயலுக்குள்ளிருந்து பாம்பு கடித்தவர்களைக் கொண்டுவருவார்கள். புடையன் கடித்தால் இரத்தம் உறையும் தன்மையை இழந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சரித்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். அந்த மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அதனால் அட்ரினலீன் ஊசியை ஆயத்தமாக வைத்துக்கொண்டு கட்டிலடியில் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் வழியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். வைத்திருப்பதா, அனுப்புவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அங்கே நிற்கும் வைத்தியர்தான். அந்த இருபது நிமிடத்தில் கற்றுக்கொள்ளும் துணிவை நகரத்தில் கற்றுக்கொள்வது கடினம்.

இன்னொன்றும் சொல்கிறேன். சீனி வருத்தக்கார அம்மா ஒருவருக்கு இன்சுலின் கொடுத்தும் சீனி இறங்கவேயில்லை. நகரமாக இருந்தால் அளவைக் கூட்டியிருப்போம். எங்கள் விடுதித் தாதி ஒருவர் அந்த அம்மாவின் அயல்வீட்டுக்காரி. "டொக்டர், அவவின்ர வீட்டில பிரிஜ் இல்லை, மருந்துப் போத்தல் தகரக் கூரைக்குக் கீழ இருக்குது" என்றார். வெயில் சூட்டில் இன்சுலின் கெட்டுப்போகும். ஈர மணல் நிரப்பிய பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டியை வைத்து, அதற்குள் நனையாமல் போத்தலை வைக்கச் சொன்னோம். புதுப் போத்தல் கொடுத்தோம். பழைய அளவிலேயே சீனி இறங்கியது. நோயாளியின் வீடு தெரிந்தவர்கள் வைத்தியசாலைக்குள் இருப்பது ஊர் வைத்தியத்தின் பெரிய பலம். வீடுவீடாகப் போகும் எங்கள் குடும்பநல மாதர்களையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். இலங்கையில் பிரசவத்தில் தாய்மார் இறப்பது இந்த அளவுக்குக் குறைந்ததில் அவர்களின் பங்கு மிகப் பெரியது.

ஊரில் எல்லாம் இனிமை என்று நான் சொல்லமாட்டேன். மயக்க மருந்து நிபுணர் ஒருவர்தான் இருப்பார். அவர் லீவில் போனால் சத்திரசிகிச்சைக்கூடம் மூடிக்கிடக்கும். சந்தையில் மீன் வாங்கும்போதும் றிப்போட்டை நீட்டுவார்கள். இரவில் நாலு தரம் கதவு தட்டப்படும். கலந்து பேச ஒரு சக வைத்தியர் இல்லாத தனிமை பெரிய பாரம். கணவருக்கு அங்கே வேலை இருக்காது, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் தேட வேண்டும். பெண் வைத்தியருக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும். இவற்றைத் தீர்க்காமல் "சேவை மனப்பான்மை இல்லை" என்று இளம் வைத்தியர்களைக் குறைசொல்வது நியாயமல்ல.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிறைய வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். போனவர்களை நான் குறைசொல்லவில்லை. இந்தச் சபையிலும் அவர்களின் தாய்மார், சகோதரிகள் இருக்கிறீர்கள். ஆனால் கொழும்பில் ஒரு நிபுணர் போனால் பக்கத்து விடுதியில் இன்னொருவர் இருப்பார். ஊரில் ஒருவர் போனால் அந்தச் சேவையே நின்றுவிடும். பிரசவ நோவோடு ஒரு தாய் அறுபது எழுபது கிலோமீற்றர் பயணம் செய்ய வேண்டிவரும்.

ஆகவே பழைய மாணவிகளிடம் சில வேண்டுகோள்கள். இயந்திரம் வாங்கி அனுப்புவதற்கு முன், அதை இயக்க ஆள் உண்டா, பழுதானால் திருத்த வசதி உண்டா என்று அந்த வைத்தியசாலையிடம் கேளுங்கள். உறை பிரிக்காமல் மூலையில் கிடக்கும் இயந்திரங்களை நான் கண்டிருக்கிறேன். வைத்தியர் விடுதிக்கு ஒரு நல்ல கதவு, தண்ணீர் வசதி, இணைய வசதி செய்து கொடுத்தால் அதனால் ஒருவர் இன்னும் ஒரு வருடம் தங்கக்கூடும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் வைத்தியர்களாக இருக்கும் எங்கள் சகோதரிகள், மாதத்தில் ஒரு மணித்தியாலம் இணையவழியாக ஊர் வைத்தியர்களோடு கலந்துரையாட முன்வரலாம். அதற்குப் பணம் தேவையில்லை. நான் சொன்ன அந்தத் தனிமை அதனால் பாதியாகக் குறையும்.

தங்கைமாரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பெரிய வைத்தியசாலையில் தொழிலை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு சில வருடமாவது ஊருக்கு வாருங்கள். இடமாற்றக் கடிதத்தில் அந்த இடத்தைக் 'கஷ்டப் பிரதேசம்' என்று எழுதியிருப்பார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அதை ஊர் என்றுதான் சொல்வார்கள். உங்களில் பலர் அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்க வந்தவர்கள். அங்கே நல்ல வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.