அடி அளந்து எழுதிய எழுத்து

ஆண்டுதோறும் ஜனவரி 29-ஆம் நாள் மாலையில், டில்லி விஜய் சௌக்கில் முப்படைகளின் பாண்டுக் குழுவினர் வாசித்துக்கொண்டே அணிவகுத்து வருவதை நேயர்களுள் பலர் கண்டிருக்கலாம். வாசிப்பில் தேர்ந்தவனுக்கு நடையில் தனிப் பயிற்சி எதற்கு என்று நாமும் ஒருகாலத்தில் எண்ணியதுண்டு. அமெரிக்கக் கல்லூரிப் பாண்டுகளின் வரலாற்றைப் படித்த பின்னரே அவ்வெண்ணம் பிழையென உணர்ந்தோம். அங்கே இது ஒரு தனி ஆசிரியத் தொழில். 'காட்சிப் பயிற்சி' என்று தமிழில் வழங்கலாம். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இதனினும் நல்ல சொல் நமக்கு இன்னும் அகப்படவில்லை.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் பால் ஸ்பாட்ஸ் எம்ரிக். இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்றவர். 1905-இல், மாணவராயிருந்தபோதே பாண்டின் தலைமையை ஏற்றார். படைவீரரைப் போல் நேர் வரிசையில் மட்டுமே நடந்து பழகிய குழுவினரை 1907-இல் கால்பந்துத் திடலில் வரிசை கலையச் செய்து, பல்கலைக்கழகப் பெயரின் முதலெழுத்தாகிய 'பி' வடிவில் நிறுத்தினார். கால்பந்துத் திடலில் பாண்டினர் அமைத்த முதல் உருவம் அதுவே என்பர். 1954 வரை அப்பணியை அவர் விடவில்லை.

எழுத்தாக நிற்பது எளிய காரியமன்று. நிற்பவன் அவ்வெழுத்தைக் காண இயலாது. உயரத்தில் அமர்ந்தவர்க்கே அது தெரியும். ஆகவே கண்ணால் அறியமுடியாததைக் காலால் அளக்கக் கற்பிக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்துத் திடல் 100 கஜ நீளம். 5 கஜத்துக்கு ஒரு கோடு. படைநடையின் அடி 30 அங்குலமாதலின், 6 அடிகளில் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டை எட்டலாம். ஆனால் மேலை இசையின் நடை நான்கும் எட்டுமாகச் செல்வது; அதனோடு ஆறு பொருந்தாது. எனவே பிற்கால ஆசிரியர்கள் அடியை 22½ அங்குலமாகக் குறுக்கி, அதே 5 கஜத்தை 8 அடிகளில் கடக்கச் செய்தனர். ஆதிதாளத்தின் ஓர் ஆவர்த்தனத்திற்கு ஒரு கோடு என்று நாம் நினைவிற்கொள்ளலாம்.

இதனினும் கடினமான பாடம் ஒன்றுண்டு. திடலின் ஒரு முனையில் எழும் ஒலி மறுமுனையை அடையக் கால் விநாடிக்குச் சற்று மிகுதியாகும். நிமிடத்திற்கு 120 அடி நடப்பவனுக்கு அது ஏறத்தாழ அரை அடித் தாமதம். தொலைவிலுள்ள முரசைக் கேட்டு ஒவ்வொருவனும் வாசித்தால், பார்வையாளரின் செவியில் இசை சிதறும். ஆதலின் பின்னே நிற்கும் முரசினர் இயக்குநரின் கையைப் பார்த்து அடிப்பர். முன்னே நிற்போர் பின்னிருந்து வரும் ஒலியைப் பற்றிக்கொள்வர். பக்கவாட்டில் எட்ட நிற்போரைக் கேட்கலாகாது. செவியே துணையென்று பல ஆண்டு வளர்ந்த மாணவனிடம், 'இங்கே உன் செவி உன்னை ஏமாற்றும்' என்று சொல்லி நம்பவைக்க ஆசிரியருக்கு எத்துணைப் பொறுமை வேண்டும்!

காட்சி மிகுந்தால் இசை கெடும் என்பாரும் உளர். ஓரளவு நாமும் உடன்படுகிறோம். ஓடிக்கொண்டே ஊதினால் குழலின் நாதம் நடுங்கத்தான் செய்யும். ஆயினும் நல்லாசிரியர் முதலில் கற்பிப்பது அதற்குரிய மாற்றையே. குதிகாலை முன்னூன்றிப் பாதத்தை மெல்ல உருட்டி விரல் நுனிக்குக் கொணர்வது அது. இடுப்புக்கு மேல் உடல் குலுங்காது. உதட்டில் பதிந்த குழலும் அசையாது. இவ்வொன்றிற்கே பல வாரங்கள் செல்லும்.

பர்டியூ பாண்டினர் அந்தப் 'பி' எழுத்தை இன்றும் திடலில் அமைக்கின்றனர்.