நாற்றங்காலும் நாட்படிப்பும்



தமிழ்நாட்டரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் படிப்போர் பலர் இங்கு அமர்ந்திருக்கின்றீர்கள். அத் தேர்வில் வினாக்கள் 200. அவற்றுள் தமிழுக்கு 100. 2021-ஆம் ஆண்டின் அரசாணைப்படி, தமிழில் 150-க்கு 60 பெறாதார் எழுதிய மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே விடியலின் முதல் ஒன்றரை மணியைத் தமிழுக்கே கொடுங்கள். 'தாய்மொழிதானே' என்று அதனைக் கடைசிக்குத் தள்ளுவோரே மிகுதி! (நடுவணரசின் ஆட்சிப்பணித் தேர்வோ, முதனிலை வினாத்தாளை இந்தியிலும் ஆங்கிலத்திலுமே தருகின்றது, அக் கொடுமையை வேறொரு நாள் பேசுவோம்.) திறனறி கணக்கு வினா 25. அதற்கு அரைமணி போதும்; ஒருநாளும் விடலாகாது.

பயிற்சி நிலையங்கள் அச்சிட்டுத் தரும் பத்துமணிப் படிப்புப் பட்டியல் தஞ்சை உழவர் வீட்டுக்குப் பொருந்தாது. குறுவை நடவிலும் சம்பா அறுவடையிலும் நம் பிள்ளைகள் வயலில் நிற்பவர்கள். அந் நாள்களில் புதுப்பாடம் தொடாதீர்கள். விடியலில் தமிழும், இரவில் பழைய வினாத்தாளில் இருபது வினாவும் போதும். மேட்டூர் அணை சூன் 12-இல் திறக்குமா என்று பார்த்தன்றோ நாற்று விடுகின்றோம்? அவ்வாறே தேர்வு நாளையும் நடவு, அறுப்பு நாள்களையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். சம்பா அறுத்து, உளுந்து மட்டும் நிற்கும் மாசி, பங்குனியில் வயல்வேலை குறைவு. வரலாறு, ஆட்சியமைப்பு, பொருளியல் ஆகிய பெரும்பாடங்களை அப்போது முடித்துவிடுங்கள்.