எண்ணெய் நகரின் நினைவுகளை யார் பாதுகாப்பது?

(வாய்மொழி வரலாறு குறித்த கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



அசாமின் கிழக்குக் கோடியில், தின்சுகியா மாவட்டத்தில் இருக்கும் டிக்பாய் நகரின் பெயருக்கு ஒரு கதை சொல்லப்படுகிறது. இருப்புப் பாதை வேலைக்காக மரம் இழுத்துச் சென்ற யானைகள் திரும்பி வந்தபோது, அவற்றின் கால்களில் எண்ணெய் ஒட்டியிருந்ததாம். அதைக் கண்ட ஆங்கிலேயப் பொறியாளர் கூலியாளை நோக்கி, "தோண்டு, பையா, தோண்டு" என்று கூவினாராம். அவர் ஆங்கிலத்தில் சொன்ன "டிக், பாய்" என்பதே ஊருக்குப் பெயராகிவிட்டதாம். அங்கே ஓடும் ஓடையின் பெயரிலிருந்தே ஊர்ப்பெயர் வந்தது என்று சொல்வோரும் உண்டு. ஆனால் சுற்றுலாக் கையேடுகள் விரும்புவது முதல் கதையைத்தான்.

இந்தக் கதையும் ஒரு வாய்மொழி வரலாறுதான். இதில் பேசுபவர் துரை ஒருவர் மட்டுமே. தோண்டியவன் "பையன்", அவனுக்குப் பெயரில்லை, ஊரில்லை, அவன் என்ன பதில் சொன்னான் என்பதும் இல்லை. யானைக்காவது கதையில் கால்கள் இருக்கின்றன. அதன் மேல் உட்கார்ந்திருந்த பாகனுக்கு அதுவும் இல்லை. வாய்மொழியாக வந்தது என்பதனாலேயே ஒரு கதை மக்களின் கதையாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

டிக்பாயில் 1889ஆம் ஆண்டு துளையிடத் தொடங்கிய முதல் கிணறு, மறு ஆண்டு 662 அடி ஆழத்தில் முடிக்கப்பட்டது. 1899இல் அசாம் ஆயில் கம்பெனி உருவாயிற்று. 1901இல் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1921இல் நிர்வாகம் பர்மா ஆயில் கம்பெனியின் கைக்குப் போனது. இவை அனைத்தும் ஆவணங்களில் உள்ளன. பர்மா ஆயிலின் வரலாற்றைக் கோர்லி என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் 1983லும் 1988லும் இரண்டு பெரும் பாகங்களாக எழுதி வெளியிட்டார். முதல் கிணறு இருந்த இடத்தில் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இயந்திரங்கள் வண்ணம் பூசி வைக்கப்பட்டுள்ளன. இயந்திரங்களைப் பாதுகாப்பதில் தவறில்லை. அவற்றை இயக்கிய அசாமியர், நேபாளியர், பஞ்சாபியர், வங்காளியர், பீகாரிகள் ஆகியோரின் குரல் எங்கே என்பதுதான் கேள்வி.

1939ஆம் ஆண்டு ஏப்ரல் 3 அன்று டிக்பாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய சங்கம் அப்போதுதான் வேரூன்றிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 18 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அப்போது மாகாணத்தில் ஆட்சியிலிருந்தது கோபிநாத் பர்தலை தலைமையிலான காங்கிரஸ் கூட்டணி அமைச்சரவை. பிரச்சினை அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி வரை சென்றது. நிர்வாகம் அசைந்து கொடுக்கவில்லை. செப்டம்பரில் உலகப் போர் மூண்டதும் இந்தியப் பாதுகாப்பு விதிகள் என்ற ஆயுதம் ஆட்சியாளர்களுக்குக் கிடைத்தது, தலைவர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர், போராட்டம் நசுக்கப்பட்டது. அமலேந்து குஹா 1977இல் வெளியிட்ட நூல் போன்ற சில ஆய்வுகள் இல்லையென்றால், இதுவும் போலீஸ் குறிப்புகளோடு நின்றுபோயிருக்கும்.

ஆயினும் போலீஸ் குறிப்பும் சரி, தலைவர்களுக்கிடையிலான கடிதமும் சரி, ஒரு கேள்விக்குப் பதில் தருவதில்லை. வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டபோது வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது? சம்பளம் நின்ற குடும்பத்துக்குக் கடனாக அரிசி கொடுத்த கடைக்காரர் யார், கொடுக்க மறுத்தவர் யார்? குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னபோது பெண்கள் என்ன செய்தார்கள்? நேபாளி பேசும் தொழிலாளியும் வங்காளி பேசும் தொழிலாளியும் கூட்டத்தில் எந்த மொழியில் முடிவெடுத்தார்கள்? வர்க்க ஒற்றுமை என்ற சொல் இந்த விவரங்களில்தான் உயிர் பெறுகிறது. அன்று பத்து வயதுச் சிறுவனாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். நேரில் கண்டவர்களின் சாட்சியத்தைப் பெறும் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டு வளர்ந்த கதைகள். அவையும் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு?

முதியவர்களின் நினைவு தவறாக இருக்குமே, அதை எப்படி வரலாறு என்பது என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. இத்தாலியின் டெர்னி நகரத்து உருக்காலைத் தொழிலாளர்களிடம் பேசிய ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி இதற்கு நல்ல விடை தருகிறார். அங்கே லூயிஜி திராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949ஆம் ஆண்டு, நேட்டோ எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தின்போது போலீசாரால் கொல்லப்பட்டார். ஆனால் தொழிலாளர்களில் பலர், அவர் 1953ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு எதிர்ப்புப் போராட்டத்தில் இறந்ததாகவே சொன்னார்கள். நான்கு ஆண்டுத் தவறு. இதை மறதி என்று ஒதுக்கிவிடலாம். போர்ட்டெல்லி அப்படிச் செய்யவில்லை. தோழனின் சாவுக்கு உடனே பதிலடி கொடுக்க இயலாமற்போன அவமானத்தை அந்த நினைவு சுமந்தது. ஆகவே அச்சாவை, தாங்கள் வீதியில் இறங்கி மோதிய நாட்களோடு கொண்டுபோய்ச் சேர்த்தது. தேதி தவறு, அந்தத் தவறு சொல்லும் செய்தி உண்மை. தேதிக்கு ஆவணத்தைப் பார்க்கலாம். அந்த அவமானத்தை எந்த ஆவணத்தில் பார்ப்பது?

விடுதலைக்குப் பின்னர் வந்த காலம் இன்னும் சிக்கலானது. ஆனால் அதற்குச் சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள். நகர்கட்டியாவில் 1953இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1959இல் ஆயில் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டபோதும் அதில் பெரும்பங்கு பர்மா ஆயிலிடமே இருந்தது. 1981 அக்டோபரில்தான் அது முழுமையாகப் பொதுத்துறைக்கு வந்தது. டிக்பாய் ஆலை இந்தியன் ஆயிலோடு இணைக்கப்பட்டது. இதற்கிடையே, 1979 இறுதியில் அசாம் இயக்கத்தின் எண்ணெய் மறியல் தொடங்கி, பரவுனிக்குச் செல்லும் கச்சா எண்ணெய் நின்றது. அந்நாட்களைப் பற்றி அசாமி பேசும் தொழிலாளி சொல்வதும் வங்காளி பேசும் தொழிலாளி சொல்வதும் ஒன்றாக இராது. தங்கள் மண்ணின் செல்வம் வெளியே போகிறது என்று ஒருவர் சொல்வார். தன் வீட்டு வாசலில் அந்நியனாக்கப்பட்ட இரவை மற்றவர் சொல்வார். இரண்டையும் பதிவு செய்தாக வேண்டும். கட்சியின் அன்றைய நிலைபாட்டுக்கு ஒத்துவராத சாட்சியம் என்று வெட்டி எறிந்தால், தொழிலாளியின் குரலைக் கோப்பிலிருந்து நீக்கிய நிர்வாகத்துக்கும் அதற்கும் வேறுபாடு இருக்காது. சிலருடைய பேச்சு இன்று வெளியானால் அவர்களுக்கே ஆபத்தாக முடியலாம். அத்தகைய பதிவுகளைச் சொன்னவர் குறிக்கும் காலம் வரை மூடி வைப்பதே முறை.

2020ஆம் ஆண்டு மே 27 அன்று பாக்ஜான் கிராமத்தில் ஆயில் இந்தியாவின் 5ஆம் எண் கிணறு கட்டுப்பாடிழந்து எரிவாயுவைக் கக்கியது. ஜூன் 9 அன்று தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் இருவர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள், அதுவும் கொரோனா நாட்களில். மாகுரி-மோட்டாபுங் ஏரியின் மீன் செத்து மிதந்தது. பாக்கு மரங்களும் தேயிலைச் செடிகளும் கருகின. நவம்பர் நடுப்பகுதியில்தான் கிணறு அடக்கப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் குழு அமைத்தது. வீடுகள் சேதத்தின் அளவுப்படி வகை பிரிக்கப்பட்டு இழப்பீடு பேசப்பட்டது. எரிந்த கூரைக்கு வகை உண்டு. ஏரியில் எந்த மாதம் எந்த மீன் எங்கே கிடைக்கும் என்று மூன்று தலைமுறையாகச் சேர்த்த அறிவுக்கு எந்த வகை? அந்த அறிவு அழிந்தது என்பதையே மீனவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறெதைக் கொண்டும் நிறுவ முடியாது. பாக்ஜானைப் பொறுத்தவரை வாய்மொழி வரலாறு பழம்பெருமை பேசும் வேலை அல்ல. அது வழக்குக்கான சாட்சியம்.

வேலை என்னவோ எளியதுதான். கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். ஆனால் கேட்பவருக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்திலிருந்து எண்ணெய் வயலுக்கு வந்தவரிடம் சாத்ரியில் கேட்டால் கிடைக்கும் விடை, இந்தியில் கேட்டால் கிடைக்காது. ஆண்கள் கூடியிருக்கும் திண்ணையில் பெண்கள் பேசமாட்டார்கள். அவர்களைத் தனியே சந்திக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளியின் பெயர் எப்படியும் சம்பளப் பதிவேட்டில் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் ஒப்பந்தக்காரரின் நோட்டில் இருந்து, ஒப்பந்தம் முடிந்ததும் பழைய காகிதக் கடைக்குப் போய்விடும். ஆகவே முதலில் போக வேண்டிய வாசல் அவருடையது.

நொய்டாவில் 1998 முதல் இயங்கும் இந்தியத் தொழிலாளர் ஆவணக் காப்பகம் இத்தகைய பதிவுகளைப் பேணுகிறது. இருந்தாலும் ஒரே இடத்தை நம்பியிருக்கக் கூடாது. ஒரு படி சங்க அலுவலகத்திலும், ஒரு படி அசாமிலுள்ள பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்கட்டும். இன்னொரு படி, கேட்டு வாங்கும் வரை காத்திராமல், பேசியவரின் வீட்டுக்கே போய்ச் சேரட்டும்.