சீயக்காயும் வடித்த கஞ்சியும்



முடி வறண்டுபோய், சீப்பு போட்டால் பாதியில் சிக்கி அறுந்து வருகிறது என்று குறைப்பட்டுக்கொள்ளாத வீடு இன்று அபூர்வம். உடனே கடைக்குப் போகிறோம். செம்பருத்தியோ கற்றாழையோ நெல்லிக்காயோ படம் போட்ட ஷாம்பு பாட்டிலாகப் பார்த்து எடுத்து வருகிறோம். மூலிகை என்றால் முடிக்கு நல்லது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முடியைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. அது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன இழை. அதன் மேற்புறத்தில், ஓடு வேய்ந்த கூரையைப் போல, மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அவை படிந்திருக்கும்வரை முடி வழவழவென்று இருக்கும். வெயில், உப்புத் தண்ணீர், தலைச்சாயம், டிரையரின் சூடு, தினமும் தலைக்குக் குளிப்பது என்று எது மிஞ்சினாலும் செதில்கள் தூக்கிக்கொள்ளும். உள்ளிருக்கும் ஈரம் நிற்காது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. இடுப்புவரை தொங்கும் பின்னலின் நுனிக்கு ஐந்தாறு வயதாவது ஆகியிருக்கும். அத்தனை வருட வெயிலையும் தண்ணீரையும் தாங்கிய பகுதி அது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையும் அவ்வளவு தூரம் போய்ச் சேராது. நுனி முதலில் வறள்வது அதனால்தான்.

உயிரில்லாத இழையை மருந்து போட்டுக் குணப்படுத்த முடியாது. இருக்கிற பசையை வழித்தெடுத்துவிடாமல் அழுக்கை மட்டும் எடுக்கிறதா என்பதே தலைக்குத் தேய்க்கும் எந்தப் பொருளிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் இருந்த பழைய பதில் சீயக்காய். மலைக்காடுகளில் வளரும் முள் கொடியின் காய் அது. அதில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. சோப்பு காரத்தன்மை உடையது. அது பட்டால் முடியின் செதில்கள் விரிந்துகொள்ளும். சீயக்காய்க் கரைசலில் லேசான புளிப்பு உண்டு. செதில்கள் படிந்தே இருக்கும். போர்வெல் தண்ணீரில் சோப்பு போட்டால் திரிந்து, வெள்ளையாக முடியில் ஒட்டிக்கொள்ளும். சீயக்காய் அப்படித் திரியாது. அதனால் 'சீயக்காய் சோப்' என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பெயரில் சீயக்காய், குணத்தில் சோப்புதான்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெறும் சீயக்காய்ப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் முடி வறளத்தான் செய்யும். சப்போனினும் எண்ணெயை எடுக்கும் பொருள்தானே! "நானும் சீயக்காய் போட்டுப் பார்த்தேன், முடி இன்னும் முரடாகிவிட்டது" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. நம் பாட்டிமார் அதைத் தனியாகப் போட்டதில்லை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பொடி அரைக்கும்போதே அந்தக் கவனம் தொடங்கிவிடும். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, கால் கிலோ வெந்தயம் என்பது பரவலாக உள்ள கணக்கு. அதோடு பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, உலர்ந்த செம்பருத்தி, எலுமிச்சைத் தோல் என்று வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும். மொட்டை மாடியில் சுக்காகக் காயவைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போவார்கள். பல மில்களில் இதற்கென்றே தனி மெஷின் உண்டு. அரைத்து முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்கிறவர்கள் தும்மித் தீர்த்துவிடுவார்கள். அதே மெஷினில் அடுத்து அரிசி போட்டால் மாவு கசக்கும்.

அப்புறம் கஞ்சி. பானையில் சோறு வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாக எடுத்து, அதில்தான் பொடியைக் கரைப்பார்கள். கஞ்சியின் மாவுச்சத்து சீயக்காயின் வேகத்தைத் தணித்து, முடிமீது மெல்லப் படியும். வெந்தயத்தின் கொழகொழப்பும் அதே வேலையைச் செய்யும். செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த சாறும் அப்படித்தான். விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓடும் அந்தச் சாறுதான் நம் ஊர் கண்டிஷனர். வீட்டுக்கு வீடு குக்கர் வந்தது. கஞ்சி வடிப்பது நின்றது. பொடி தண்ணீரில் விழுந்தது. சீயக்காய்க்குக் கெட்ட பெயர் வந்ததில் குக்கருக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

இதற்கெல்லாம் முன்னால் எண்ணெய். குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தலையில் ஊறியிருக்கும். தேங்காய் எண்ணெய்க்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. ரேலே, மோஹிலே என்ற இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரையில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடி தன் புரதத்தை இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடியின் உள்ளே புகக்கூடியது என்று அவர்கள் விளக்கினார்கள்.

சீயக்காய் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரப்பு இருக்கிறது. உசிலை மரத்து இலையை உலர்த்தி இடித்த பச்சை நிறப் பொடி. மதுரைப் பக்கமும் கொங்குப் பக்கமும் இன்றும் கிடைக்கிறது. வறண்ட முடிக்கு என் முதல் சிபாரிசு இதுதான். பூந்திக்கொட்டை நன்றாக நுரைக்கும், ஆனால் எண்ணெய் வடியும் தலைக்குத்தான் அது ஏற்றது.

எல்லோருக்கும் இதற்கு நேரம் இருக்காது. காலை ஏழு மணிக்குப் பஸ் பிடிக்க வேண்டிய பெண்ணிடம் கஞ்சி வடி, பொடி கரை என்று சொல்வது நியாயமும் இல்லை. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்க வழிகாட்டிய பிறகு, அது பெட்டிக்கடை வாசலிலும் சரம் சரமாகத் தொங்கத் தொடங்கியது. மக்கள் அதை விரும்பி ஏற்றதற்குக் காரணம் இருக்கிறது.

மூலிகை ஷாம்பு வாங்குங்கள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஆயுர்வேத உரிமத்தில் வரும் பல ஷாம்புகளில் 'ஒவ்வொரு 10 மில்லியிலும்' என்று தொடங்கி, மூலிகைச் சாறுகள் மில்லிகிராம் கணக்கில் வரிசையாக இருக்கும். கடைசியில் 'ஷாம்பு பேஸ், தேவையான அளவு' என்று ஒரு வரி. தலையைக் கழுவுவது அந்தக் கடைசி வரிதான். அதில் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் வெளியே தெரியாது. சேர்மானங்களை முழுதாக அச்சிடும் பாட்டிலில், முதல் சில பெயர்களுக்குள் சோடியம் லாரில் சல்ஃபேட் வந்தால் வறண்ட முடிக்காரர்கள் அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம். டெசில் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு போன்ற பெயர்கள் இருந்தால் அது மிதமானது.

எந்த ஷாம்புவாக இருந்தாலும் ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும். வழிந்து வரும் நுரையே நுனிக்குத் தாராளம். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். கொதிக்கும் வெந்நீரும் வேண்டாம். குளித்து வந்ததும் துண்டால் அடித்துத் துவட்டாமல், தலையைச் சுற்றி ஈரிழைத் துண்டைக் கட்டி, தானாக ஈரம் இழுக்க விடுங்கள்.

முடி திடீரென்று வறண்டு, கூடவே உடம்பு அசந்து, எடையும் ஏறினால் தைராய்டு குறைபாடாக இருக்கலாம். அதற்கு எந்த மூலிகையையும் தேடாமல் டாக்டரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை குக்கரை ஒதுக்கிவிட்டுப் பானையில் சோறு வடியுங்கள். எண்ணெய் ஊறிய தலைக்கு, அந்தக் கஞ்சியில் இரண்டு மூன்று ஸ்பூன் பொடியைக் கரைத்துத் தேய்த்துக் குளியுங்கள். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொள்ளுங்கள். நாலைந்து வாரம் தொடர்ந்து செய்தபின், எது நல்லது என்று உங்கள் சீப்பையே கேட்டுக்கொள்ளலாம்.