வாங்குவோரைக் கேட்டறியும் முறை

ஒரு பொருளைச் செய்து விற்க முற்படுகிறவர், அதனை வாங்குவோர் எத்தனை பேர், எவ்வளவு வாங்குவர், என்ன விலைக்கு வாங்குவர் என்பவற்றை முன்கூட்டியே அறிய முயல்வதற்குச் சந்தை ஆய்வு என்று பெயர். பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே உள்ள அமைப்புகளை நாடுகின்றன. 1960-ஆம் ஆண்டிலேயே விக்ரம் சாராபாய் பரோடாவில் அத்தகையதோர் அமைப்பைத் தோற்றுவித்தார். ஆயினும், இவ்வாய்வு மிகுதியும் தேவைப்படுவது சிறுதொழில் செய்வோருக்கும், கூட்டுறவுச் சங்கங்களுக்கும், மகளிர் குழுக்களுக்குமேயாகும். பெரிய நிறுவனம் ஒரு சரக்கில் அடையும் நட்டத்தை மற்றொன்றில் ஈடுசெய்துகொள்ளும். பத்துப் பெண்கள் தங்கள் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து வாங்கிய மாவரைக்கும் இயந்திரம் வேலையின்றி நின்றால், தவணை நிற்பதில்லை.

அத்தகைய குழு ஒன்று கேழ்வரகு மாவு விற்க எண்ணியிருப்பதாகக் கொள்வோம். அவர்கள் வீடு வீடாகச் சென்று, ‘நாங்கள் நல்ல மாவு தந்தால் வாங்குவீர்களா?’ என்று கேட்பார்கள். வீடு தேடி வந்தவர்களிடம் முகத்துக்கு நேரே ‘மாட்டேன்’ என்று சொல்பவர் நம் நாட்டில் அரியர். ஆகவே, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘அதற்கென்ன, வாங்குவோம்’ என்றே விடையளிப்பர். அது உபசாரமேயன்றிக் கணக்கு அன்று. ‘சென்ற முப்பது நாட்களில் உங்கள் வீட்டில் கேழ்வரகு மாவு வாங்கினீர்களா? எந்தக் கடையில்? எத்தனை கிலோ? என்ன விலை?’ என்றே கேட்க வேண்டும். இனி நடக்கப்போவதைப் பற்றி எதுவும் சொல்லலாம். நடந்ததைச் சொல்லும்போது மனிதர் சற்று நின்று யோசிக்கின்றனர்.

நடந்ததைக் கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எத்தனை நாட்களுக்கு உள்ளானதைக் கேட்பது? இக்கேள்வியை நம் நாட்டில் ஆராய்ந்த அளவுக்குப் பிற நாடுகளில் ஆராய்ந்திருப்பது அரிது. பேராசிரியர் மகலனோபிஸ் வழிகாட்ட, 1950-ஆம் ஆண்டில் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கிற்று. அதன் தொடக்க ஆண்டுகளில், சென்ற வாரம் உண்ட தானியத்தைச் சிலரிடமும், சென்ற மாதம் உண்டதை வேறு சிலரிடமும் கேட்டு, அவ்விடைகளை வீட்டில் நாள்தோறும் நிறுத்துப் பார்த்த எடையோடு ஒப்பிட்டனர். மாதக் கணக்கே எடைக்கு நெருங்கி வந்தது. வாரக் கணக்கு மிகையாயிருந்தது. எட்டு, பத்து நாட்களுக்கு முன் நடந்ததையும் மக்கள் சென்ற வாரத்திற்குள் இழுத்துக்கொள்கின்றனர் போலும்! இதனால் முப்பது நாள் என்பதே நெடுங்காலம் வழக்கில் இருந்தது.

1990-களின் இடைப்பகுதியில் இதனை மீண்டும் சோதித்தனர். சில வீடுகளில் பழைய முறைப்படியும், வேறு சில வீடுகளில் உணவுக்கு ஏழு நாள், நீடித்து உழைக்கும் பொருள்களுக்கு ஓர் ஆண்டு என்ற கணக்கிலும் கேட்டனர். ஏழு நாள் முறையில் உணவுச் செலவு ஏறக்குறைய முப்பது சதவீதம் கூடுதலாக வந்தது. புதுமுறைக் கணக்கின்படி பார்த்தால் நாட்டில் வறியோர் தொகை ஏறத்தாழப் பாதியாகிவிடும்! கேள்வித்தாளில் ஓர் எண் மாறியதால் நேர்ந்தது இது. 2022-23-ஆம் ஆண்டு நடந்த ஆய்வில், அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கு முப்பது நாளும், காய்கறி, முட்டை, மீன், எண்ணெய் முதலியவற்றுக்கு ஏழு நாளும், துணிமணிகளுக்கு ஓர் ஆண்டும் என்று வகுத்துக் கேட்டனர். மாவு விற்போர் இந்த வகுப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வியின் சொற்களிலும் இதே அளவு எச்சரிக்கை வேண்டும். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்போர்க்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் தொல்லை. ஆங்கிலக் கேள்வித்தாளில் உள்ள சொல்லைக் ‘குடும்பம்’ என்று பெயர்த்தால், பம்பாயில் வேலை பார்க்கும் மூத்த மகனையும் தாய் சேர்த்தே எண்ணுவாள். ஆய்வாளர் கருதியதோ, ஒன்றாக வசித்து ஒரே அடுப்பில் சமைத்து உண்போரை. மாவு விற்பவருக்கு வேண்டியதும் அந்த அடுப்பே. ‘சென்ற மாதம்’ என்றால் சிலர் முதல் தேதியிலிருந்து எண்ணுவர், சிலர் அமாவாசையிலிருந்து எண்ணுவர். ‘நேற்று வரையில் முப்பது நாள்’ என்று கேட்டால் ஐயம் எழாது.

‘தேங்காயெண்ணெய் வாங்கினீர்களா?’ என்ற எளிய கேள்வியைப் பாருங்கள். கேரளத்து இல்லத்தரசிக்கு அது சமையலறைச் செய்தி. டில்லியில் இருப்பவளுக்கோ கூந்தல் செய்தி. இரண்டு விடைகளையும் ஒரே பத்தியில் கூட்டிப் போட்டால் கிடைப்பது எதன் கணக்கு? சிறு பொட்டலங்களில் விற்கும் தேங்காயெண்ணெய் எவ்வகையில் சேரும் என்பது பற்றி வரித் துறையோடு பல்லாண்டு வழக்கு நடந்தது. தூய தேங்காயெண்ணெய் சமையல் எண்ணெயே என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில்தான் தீர்ப்பளித்தது.

யாரைக் கேட்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தெரிந்தவர்களைக் கேட்டால் தெரிந்த விடையே வரும். தெருவின் ஒரு கோடியிலிருந்து பத்தாவது வீடு, இருபதாவது வீடு என்று எண்ணிச் செல்ல வேண்டும். பூட்டியிருந்தால் மாலையில் மறுபடி போக வேண்டும். பகலில் வீட்டில் இருப்போர் ஒரு வகை, வேலைக்குச் செல்வோர் வேறு வகை அல்லவா? முறையாகப் பொறுக்கிய நானூறு வீடுகளில் கிடைக்கும் விகிதம், பெரும்பாலும் உண்மையிலிருந்து ஐந்து சதவீதத்திற்கு மேல் விலகாது. ஊர் பெரிதா சிறிதா என்பதனால் இதில் அதிக வேறுபாடு இல்லை. மகலனோபிஸ் கையாண்ட உத்தி ஒன்றும் இங்கே பயன்படும். ஒரே பகுதியை இரு குழுவினர், ஒருவர் கணக்கை மற்றவர் பாராமல், தனித்தனி வீடுகளில் ஆய்வது அது. இரு கணக்குகளும் பெரிதும் மாறுபட்டால், கேட்டவரிடமோ கேள்வியிலோ கோளாறு இருக்கலாம் என்று ஐயுற வேண்டும்.

இறுதியாகக் கடைக்காரர். ‘எவ்வளவு விற்கிறது?’ என்று அவரைக் கேட்பதில் பயன் குறைவு. பக்கத்துக் கடைக்காரர் காதில் விழும் என்று குறைத்தும் சொல்வார், பெருமைக்காகக் கூட்டியும் சொல்வார். அலமாரியில் இன்று உள்ள பொட்டலங்களை எண்ணிக்கொள்ளுங்கள். முப்பது நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். இடையில் வந்த சரக்கைப் பில்லில் பார்த்து முதல் இருப்போடு கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் விற்பனை தெரிந்துவிடும். பழுதென்று திருப்பி அனுப்பியதையும் கழித்துக்கொள்ள வேண்டும். பெரிய ஆய்வு நிறுவனங்கள் கடைக் கணக்கெடுப்பில் கையாளும் சூத்திரமும் இதுவே. பண்டிகை மாதத்தைத் தவிர்த்து, ஐந்தாறு கடைகளில் இவ்வாறு எண்ணினால் போதும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு இரண்டு நோட்டுப் புத்தகங்களும் நான்கு பேரின் சில வார உழைப்புமே. இயந்திரத்திற்கு முன்பணம் கட்டுவதை அதுவரை தள்ளி வைக்கலாம்.