பிறவிக் குணமா, வளர்ப்பா? நெடுந்தொடர்கள் காட்டும் பெற்றோர்

 

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கியபின், தமிழ்நாட்டு இல்லங்களின் இரவுப் பொழுதை நெடுந்தொடர்கள் ஆட்கொண்டன. நம் ஆதம்பாக்கத்துத் தெருக்களும் இதற்கு விலக்கல்ல. அவற்றைப் பார்க்கலாமா கூடாதா என்ற பழைய வாதத்தை இன்று நாம் எடுக்கவில்லை. பிள்ளைகளின் குணம் எங்கிருந்து வருகிறது என்பது பற்றி அவை நமக்கு என்ன கற்பிக்கின்றன என்பதையே சிந்திக்க விழைகிறோம்.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுவோம். 1999 முதல் 2001 வரை வந்த 'சித்தி', மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்ற எண்ணத்தை மாற்றியது. பெறாத பிள்ளையைப் பெற்ற பிள்ளையாக நேசிக்கும் சாரதாவாக ராதிகா நடித்தார். 2002 முதல் 2005 வரை வந்த 'மெட்டி ஒலி'யில், தாயில்லாத ஐந்து பெண்களைக் கரைசேர்க்கப் போராடும் தந்தையாக டெல்லி குமார் நடித்தார். நடுத்தரக் குடும்பத்துத் தகப்பனின் மனச்சுமையைப் பலரும் அதில் கண்டனர்.

ஆனால் மற்றொரு பாடமும் உண்டு. 2003 முதல் 2009 வரை வந்த 'கோலங்கள்' தொடரின் அபியும் ஆதியும் ஒரே தந்தையின் பிள்ளைகள்; தாய்மார்தான் வேறு. ஒருத்தி நல்லவள், மற்றவன் கொடியவன். "தாயைப் போல பிள்ளை" என்று பார்ப்பவர் மனம் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அதோடு, ஏழை வீட்டில் பண்பும் மாளிகையில் சூழ்ச்சியும் குடியிருப்பதாகவே பல தொடர்கள் காட்டுகின்றன. பிள்ளையுடன் அமர்ந்து பாடம் கேட்பதும், பொய் சொன்னால் பொறுமையுடன் திருத்துவதுமான அன்றாட வளர்ப்புக்கு அவற்றில் இடம் மிகக் குறைவு.

இந்தத் தீர்ப்பு திரையோடு நின்றால் கவலையில்லை. சம்பந்தம் பேசும்போது "தகப்பன் குடிகாரன், மகன் எப்படி இருப்பான்?" என்று கேட்கிறோம். குறும்பு செய்யும் சிறுவனை "அப்பன் புத்தி" என்று அவன் காதுபடவே சொல்கிறோம். அச்சொல்லை அவன் நம்பத் தொடங்கினால், அந்த இழப்பை யார் ஈடுசெய்வது?

அறிவியல் கூறுவது வேறு. இரட்டையரைப் பற்றிய ஐம்பதாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் ஒரு பெருந்தொகுப்பு வெளியானது. 17,804 தன்மைகளைப் பற்றிய கணக்குகளில், மனிதருக்கிடையே காணும் வேறுபாட்டில் சராசரியாக 49 விழுக்காடு மரபணுவைச் சார்ந்தது என்று அது கண்டது. ஒரு பிள்ளையின் குணத்தில் பாதி முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது என்று இதற்குப் பொருளல்ல; பலரிடையே காணும் வேறுபாட்டின் கணக்கே இது.

வர்க்கம் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையரை ஆராய்ந்து டர்க்ஹைமர் குழுவினர் 2003-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். வறிய குடும்பங்களில் அறிவுத்திறன் வேறுபாட்டில் சுமார் 60 விழுக்காடு, பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் குடும்பச் சூழலால் வந்தது; மரபின் பங்கு மிகக் குறைவு. வசதியான குடும்பங்களிலோ நிலைமை ஏறக்குறைய நேர்மாறாக இருந்தது. மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த பிந்திய ஆய்வுகளில் இவ்வேறுபாடு தென்படவில்லை. அங்கே கல்வியும் மருத்துவமும் பலருக்கும் சமமாகக் கிடைப்பது காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

ஆகவே வறுமை தானாகப் பண்பைத் தருவதில்லை. பல நேரங்களில் பிள்ளையின் திறமை வெளிப்படும் வழியையே அது அடைத்துவிடுகிறது. குழந்தை தூய இயல்பில் பிறப்பதையும் பெற்றோரின் பொறுப்பையும் சேர்த்துரைக்கும் நபிமொழியை நாம் அறிவோம். அப்பொறுப்பைச் சுமக்க இயலாத பெற்றோருக்குத் தோள் கொடுப்பது ஜமாஅத்தின் கடமையன்றோ?

எனவே மூன்றை வேண்டுகிறோம். எந்தப் பிள்ளையையும் அவன் தகப்பனின் பெயரால் எடைபோடாதிருப்போம். தொடரைப் பார்க்கும் வீடுகளில், "இவன் ஏன் இப்படி ஆனான்?" என்று பிள்ளைகளுடன் பேசுவோம். படிக்க இடமும் வெளிச்சமும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, வசதியுள்ள வீட்டார் மாலையில் ஒரு மணி நேரம் தம் கூடத்தைத் திறந்துவிடுவோம்.